தப்பு உங்கள் விரலில் இல்லை

திரைகள், பட்டன்கள், செயலிகள் பற்றி வாசகர்கள் கேட்டவையும் நமது பதில்களும்

*ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்*
கேள்வி: பென்ஷன் வந்ததா என்று பார்க்க வங்கிச் செயலியைத் திறந்தால், எதைத் தொட்டாலும் வேறெங்கோ போய் நிற்கிறது. "அம்மா, உனக்கு இதெல்லாம் வராது" என்கிறான் மகன். நிஜமாகவே எனக்கு வராதா?

பதில்: வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஒரே கணக்கைத் தப்பாகப் போட்டால் யாரைச் சந்தேகிப்பீர்கள்? பிள்ளைகளையா, பாடம் நடத்திய விதத்தையா? திரைக்கும் அதே நியாயம்தான்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுதளத்திலேயே சக்கரங்களை மடக்கிக்கொண்டு வயிறு தேய விழுந்தன. ஒன்றிரண்டு தடவை அல்ல, அடிக்கடி. "விமானியின் பிழை" என்று எழுதிக் கோப்பை மூடிவந்தார்கள். அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய் உட்கார்ந்து பார்த்தார். இறக்கை மடலை இயக்கும் சுவிட்சும் சக்கரத்தை இயக்கும் சுவிட்சும் ஒரே உருவில், ஒட்டி ஒட்டி இருந்தன. களைத்துப்போன கை, இருட்டில், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை இழுத்தது. அவர் யாருக்கும் பயிற்சி வகுப்பு எடுக்கவில்லை. ஒரு சுவிட்சின் நுனியில் சின்ன ரப்பர் சக்கரத்தையும், மற்றதில் ஆப்பு வடிவத் துண்டையும் மாட்டினார். விபத்து நின்றது. இன்றைய பயணிகள் விமானங்களிலும் சக்கரத்தை இறக்கும் நெம்புகோலின் குமிழ் சக்கர வடிவில்தான் இருக்கிறது.

ஆகவே, டீச்சர், உங்களுக்கு வரும். மகனை இரண்டு காரியம் செய்யச் சொல்லுங்கள். போன் அமைப்புகளில் எழுத்தின் அளவையும் திரையில் தெரிபவற்றின் அளவையும் பெரிதாக்கட்டும். பிறகு உங்கள் பக்கத்தில் உட்காரட்டும். ஆனால் போனைத் தொடக் கூடாது. அவன் விரல் செய்தால் அவனுக்குத்தான் பழகும்.

*கல்லூரி மாணவர், கோவை*
கேள்வி: நல்ல திரை எது? ஒரே வரியில் சொல்லுங்கள்.

பதில்: இப்போது எங்கே இருக்கிறேன், என்ன செய்யலாம், செய்தது நடந்ததா, தப்பானால் எப்படித் திரும்புவது என்ற நான்குக்கும், பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடாமலேயே பதில் தரும் திரை.

*காய்கறிக் கடைக்காரர், திண்டுக்கல்*
கேள்வி: வாடிக்கையாளர் பணம் அனுப்புகிறார். அவர் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. போனதா, போகவில்லையா? இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

பதில்: இந்த வட்டத்தின் பழைய உறவினர் ஒன்று அணுமின் நிலையத்தில் இருந்தது. 1979 மார்ச் 28, விடியற்காலை, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், த்ரீ மைல் ஐலண்டு. அழுத்தத்தைத் தணிப்பதற்காகத் திறந்த ஒரு வால்வு திரும்ப மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை, சிக்கிக்கொண்டது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் அதற்குரிய விளக்கு அணைந்தது. ஊழியர்கள் வால்வு மூடிவிட்டது என்று நம்பினார்கள். அந்த விளக்குக்குத் தெரிந்ததெல்லாம் மூடச் சொல்லி உத்தரவு போய்விட்டது என்பது மட்டும்தான். வால்வு கேட்டதா என்பது அதற்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. உலையின் மையத்தில் ஏறக்குறைய பாதி உருகிவிட்டது.

"அனுப்பச் சொல்லியாயிற்று" என்பதும் "போய்ச் சேர்ந்தது" என்பதும் வேறு வேறு செய்திகள். பணத்துக்கு மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு: இன்னும் தெரியவில்லை. அதைச் சொல்ல வட்டம் போதாது. "வங்கியின் பதிலுக்குக் காத்திருக்கிறோம், மறுபடி அனுப்ப வேண்டாம், இந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும்" என்று மூன்று துண்டுச் செய்தி எழுதிக் காட்டினால் இருவரும் நிம்மதியாக நிற்கலாம். பத்தில் ஒரு விநாடிக்குள் வரும் பதில் மனிதருக்கு உடனடியாகத் தோன்றும். ஒரு விநாடி தாண்டினால் எண்ண ஓட்டம் தடைப்படும். பத்து விநாடி தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 1993இல் எழுதிவைத்த இந்தக் கணக்கு இன்றும் பொருந்துகிறது.

உங்கள் தராசுக்குப் பக்கத்தில் "நூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று சத்தமாகச் சொல்கிற பெட்டி இருக்கிறதல்லவா? இந்த நாட்டுத் தெருவுக்கென்றே பிறந்த அருமையான வடிவமைப்பு அது. கை ஈரமாக இருந்தாலும், கண் தராசில் இருந்தாலும், எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் செய்தி வந்து சேருகிறது. அது சொல்லும்வரை பையைக் கட்டிவைத்திருங்கள், கொடுக்க வேண்டாம்.

*இல்லத்தரசி, ராஜபாளையம்*
கேள்வி: பணம் "வருவதற்காக" ரகசிய எண்ணைப் போடச் சொன்னார் ஒருவர். போட்டேன். பணம் போய்விட்டது.

பதில்: யு.பி.ஐ.யில் பணம் வாங்க ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. எண் கேட்டாலே பணம் வெளியே போகப்போகிறது. இதைச் சுவரில் எழுதி ஒட்டலாம். ஆனால் கோடிக்கணக்கான சுவர்களில் எழுதுவதைவிட ஒரு திரையைத் திருத்துவது சுலபம். "உங்கள் கணக்கிலிருந்து 5,000 ரூபாய் போகும்" என்பதை அந்த எண் கேட்கும் இடத்திலேயே பெரிய எழுத்தில், தமிழில், குரலிலும் சொல்லலாம். தனிநபர் இன்னொரு தனிநபரிடம் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கையை 2025 அக்டோபர் முதல் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் நிறுத்திவிட்டது. ஏமாறுவதற்கான கதவைத் திறந்து வைத்துவிட்டு எச்சரிக்கைப் பலகை மாட்டுவதைவிட, கதவை அடைத்தது நல்லது. உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் பதியுங்கள்; நேரம் முக்கியம்.

*பொறியாளர், திருச்சி*
கேள்வி: எல்லா உதாரணமும் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. நம் நாட்டில் உருப்படியாக வடிவமைத்த ஒரு இயந்திரம் சொல்ல முடியுமா?

பதில்: நீங்கள் ஓட்டுப் போட்டிருந்தால் அதைத் தொட்டிருக்கிறீர்கள்.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலில் 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில் வைக்கப்பட்டது. தமிழகம் முழுவதும் 2001 சட்டமன்றத் தேர்தலில் வந்தது. அதைப் பற்றிய அரசியல் வாதங்களை இங்கே தொடவில்லை. மனிதரும் இயந்திரமும் சந்திக்கும் அந்தப் பலகையை மட்டும் பாருங்கள். ஒரு பெயர், அதே வரிசையில் ஒரு சின்னம், அதே வரிசையில் ஒரு நீலப் பட்டன். பெயர் படிக்க முடியாதவருக்குச் சின்னம். சின்னமும் தெரியாதவருக்குப் பட்டனருகே பிரெயிலில் வரிசை எண். அழுத்தியதும் பக்கத்தில் சிவப்பு விளக்கு, காதுக்கு நீண்ட 'பீப்'. ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி நின்றுவிட்டு விழுகிறது. பதற்றத்தில் நான்கு தடவை அழுத்தினாலும் முதல் தடவைதான் கணக்கு.

மெனு இல்லை, பக்கம் புரட்டுவது இல்லை, கடவுச்சொல் இல்லை. வாழ்நாளில் வேறெந்த மின்னணுத் திரையையும் தொட்டிராத 80 வயதுப் பாட்டிக்கு, உள்ளே நுழைந்து வெளியே வரும் அந்த நிமிடத்துக்குள் புரிகிறது. அந்தச் சின்னங்களுக்கும் வயது அதிகம்: 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின்மேல் சின்னம். படிக்காதவருக்கு முதலில் படிப்பைக் கொடு, பிறகு ஓட்டைக் கொடு என்று அன்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் தோற்றதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. செயலி செய்கிறவர்கள் இந்தப் பலகையின் படத்தை மேசைமேல் வைத்துக்கொள்ளலாம்.

*அரசியல் ஆர்வலர், வேலூர்*
கேள்வி: வடிவமைப்பு சரியில்லையென்றால் கொஞ்சம் எரிச்சல் வரும். அதற்குமேல் என்ன ஆகிவிடும்?

பதில்: அமெரிக்க ஜனாதிபதி மாறலாம்.

2000ஆம் ஆண்டுத் தேர்தலில் ஃபுளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்தில் ஒரு வாக்குச்சீட்டு. வேட்பாளர்கள் நிறையப் பேர். அங்கே முதியவர்களும் நிறையப் பேர். எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று நல்ல மனத்தோடுதான் முடிவெடுத்தார் தேர்தல் அதிகாரி. பெரிய எழுத்தில் பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. வண்ணத்துப்பூச்சியின் இறக்கைபோல இடது பக்கம் சிலர், வலது பக்கம் சிலர், நடுவில் ஒரே வரிசையாகத் துளைகள் என்று சீட்டு அச்சானது. இடது பக்கத்தில் முதல் பெயர் புஷ், இரண்டாவது அல் கோர். ஆனால் இரண்டாவது துளை வலது பக்கத்து முதல் பெயரான புக்கானனுக்கு, கோருக்கு மூன்றாவது.

புக்கானனுக்கு அந்த மாவட்டத்தில் ஏறக்குறைய 3,400 ஓட்டு விழுந்தது. அதெல்லாம் எனக்காக விழுந்திருக்காது என்று அவரே சொன்னார். இரண்டு துளை போட்டதால் செல்லாமல்போன சீட்டு 19,000க்கும் மேல். மாநிலம் முழுவதும் சேர்த்து புஷ் வென்ற வித்தியாசம் 537. கோருக்குப் போட நினைத்த 2,000க்கும் மேற்பட்டோர் தவறுதலாகப் புக்கானனுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று அரசியல் அறிவியலாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள்.

பெரிய எழுத்து சரியான எண்ணம். அச்சுக்குப் போகுமுன் பத்து முதியவர்களை உட்காரவைத்து, ஓட்டுப் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தால் ஒரு பிற்பகலில் தெரிந்திருக்கும்.

*பார்வையற்ற பட்டதாரி, மதுரை*
கேள்வி: போனில் ஸ்கிரீன் ரீடர் வைத்துத்தான் எல்லாம் செய்கிறேன். டிக்கெட் எடுக்கும் ஒரு செயலியில் "பெயரிடப்படாத பட்டன், பெயரிடப்படாத பட்டன்" என்றே வாசிக்கிறது. எது பணம் கட்டுவது, எது ரத்து செய்வது? ஒவ்வொரு முறையும் யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கிறது.

பதில்: உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. அதைவிட வேதனை, இது மிகச் சின்ன வேலை என்பது. பட்டனுக்கு ஒரு படம் வைக்கும்போதே, அதன் பெயரையும் ஒரு வார்த்தையில் உள்ளே எழுதிவைத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாது, உங்கள் காதுக்குக் கேட்கும். ஒரு பட்டனுக்கு அரை நிமிட வேலையைச் செய்யாமல் விட்டதால் ஒரு பட்டதாரி கெஞ்சுகிறார்.

கண் தெரிந்த வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: வழவழப்பான கண்ணாடியில் பார்வையற்றவர் எப்படி வேலை செய்வார் என்று பலருக்குத் தெரியாது. விரலைத் திரையில் ஓட்டிக்கொண்டே போனால், விரலுக்குக் கீழே இருப்பதைப் போன் வாசிக்கும். வேண்டியது வந்ததும் இரண்டு தடவை தட்டினால் இயங்கும். ஐபோனில் இது 2009இல் உள்ளேயே வந்தது. ஆண்ட்ராய்டில் 'டாக்பேக்' என்ற பெயரில் இருக்கிறது. கணினிக்கு என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் உண்டு. 2006இல் அதைத் தொடங்கி வளர்த்தவர்கள் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள். அப்போது அந்த வகை மென்பொருள்களின் விலை பலருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அவர்கள் எழுதிக் கொடுத்ததை வைத்து இன்று உலகம் முழுக்கப் பார்வையற்றவர்கள் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். அப்படி உழைத்துத் திறந்த பாதையைத்தான் பெயரில்லாத பட்டன் மறிக்கிறது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இணையச் சேவைகளுக்கும் பொருந்தும். 2025 ஏப்ரல் 30இல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் ஆசிட் வீச்சில் கண்கள் சிதைந்தவர். வங்கியில் அடையாளச் சரிபார்ப்புக்குக் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னார்கள். அவரால் சிமிட்ட முடியாது. கண் சிமிட்டினால்தான் மனிதர் என்று எழுதிவைத்த அந்த ஒரு நிபந்தனையை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. நீதிமன்றம் 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது; சிமிட்டலுக்கு மாற்று வழி வைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

எந்தத் திரையில், எத்தனையாவது பட்டன், ஸ்கிரீன் ரீடர் என்ன வாசித்தது என்று பதிவு செய்து அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அனுப்புங்கள். டெவலப்பரால் தட்டிக்கழிக்க முடியாத புகார் எதுவென்றால், இடம் குறிப்பிட்டு வரும் புகார்தான்.

*மென்பொருள் நிறுவன உரிமையாளர், சென்னை*
கேள்வி: பார்வையற்றவர்களுக்கும் ஏற்றபடி தளத்தை மாற்றச் சொல்கிறார்கள். ஆனால் உண்மையைச் சொன்னால், எங்கள் தளத்துக்குப் பார்வையற்றவர்கள் வருவதே இல்லை. வராதவர்களுக்காக ஏன் செலவு?

பதில்: படிக்கட்டு மட்டுமே உள்ள கட்டடத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்தவர் எத்தனை பேர் என்று உள்ளே நின்று எண்ணக் கூடாது.

செலவு என்றீர்கள். 1808 வாக்கில் இத்தாலியில் பெல்லெக்ரினோ துர்ரி என்பவர், பார்வையிழந்த ஒரு சீமாட்டி தன் கடிதங்களைத் தானே எழுதட்டும் என்று ஒரு எழுத்துப்பொறி செய்து கொடுத்தார். தட்டச்சுப் பொறியின் வரலாற்றில் அதற்கும் ஓர் இடம் உண்டு. காது கேளாதவர்களுக்காக வந்த வசன வரிகளை இன்று ஓடும் பஸ்ஸில் ஒலியை அணைத்துவிட்டு எல்லோரும் படிக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சக்கர நாற்காலி மாணவர்கள் போராடி வாங்கிய நடைபாதைச் சரிவில் குழந்தை வண்டியும் சூட்கேசும் ஏறி இறங்குகின்றன. உங்கள் தளத்தில் பட்டனுக்குப் பெயர் வைத்தால், கை உடைந்து குரலால் இயக்குகிறவருக்கும் அதே பெயர்தான் உதவும்.

இன்னொன்று: தொடக்கத்திலேயே செய்தால் அரை நிமிட வேலை. வழக்கு வந்த பிறகு செய்தால் ஆறு மாத வேலை. உங்கள் கணக்காளரிடமே கேளுங்கள்.

*தையல் கடைக்காரர், ஈரோடு*
கேள்வி: ஏ.டி.எம்.மில் ஏன் முதலில் கார்டைத் திருப்பித் தருகிறது, பிறகுதான் பணம்?

பதில்: நீங்கள் வந்தது பணத்துக்கு. கையில் பணம் வந்ததும் மனம் "முடிந்தது" என்று கிளம்பிவிடும்; கார்டு அங்கேயே கிடக்கும். அதனால் பணத்தைக் கடைசியில் வைத்தார்கள். மனிதருக்கு மறதி உண்டு என்று ஏற்றுக்கொண்டு, யாரையும் திட்டாமல், வரிசையை மட்டும் மாற்றிய அழகான தீர்வு.

*குடும்பத் தலைவி, நாகர்கோவில்*
கேள்வி: என் கணவருக்கு நடுக்கவாதம். "சரி" என்பதைத் தொடப்போய் "ரத்து" என்பதைத் தொட்டுவிடுகிறார். மூன்றாவது தடவை போனையே தூர வைத்துவிடுகிறார்.

பதில்: அவரிடம் சொல்லுங்கள், கணக்கு அவர் பக்கம். உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இலேயே அளந்து காட்டினார்: இலக்கு சின்னதாக, தூரமாக இருந்தால் கை போய்ச்சேர நேரமாகும், அவசரப்பட்டால் தவறும். நடுங்காத கைக்கும் இதே விதி. இணைய அணுகல்தன்மைக்கான உலகத் தரமான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2, 2023 அக்டோபரில் வந்தது. தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும், இல்லையென்றால் சுற்றிலும் அதற்கேற்ற இடைவெளி வேண்டும் என்கிறது. அதைவிடக் கடுமையான நிலையில் 44. சரியையும் ரத்தையும் ஒட்டவைக்கும் வடிவமைப்பாளர் இரண்டையும் படிக்கட்டும்.

இப்போதைக்கு: போனின் 'அணுகல்தன்மை' அமைப்பில் தொடு நேரத்தைக் கூட்டலாம். ஐபோனில் அடுத்தடுத்துப் படும் தொடுதலைப் புறக்கணிக்கச் சொல்லவும் வழி உண்டு. தொடவே சிரமமென்றால் ஒற்றைச் சுவிட்சாலும் போனை இயக்கலாம். ஸ்டீஃபன் ஹாக்கிங் கடைசிக் காலத்தில் கன்னத் தசையின் ஓர் அசைவை வைத்தே எழுதினார், உரையாற்றினார். அதற்கு உதவிய மென்பொருளை இன்டெல் நிறுவனம் 2015இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது.

*டாக்ஸி ஓட்டுநர், திருப்பூர்*
கேள்வி: புது வண்டியில் ஏ.சி.யைக் குறைக்கக்கூடத் திரையைத் தடவ வேண்டியிருக்கிறது. பழைய திருகே நன்றாக இருந்ததே?

பதில்: உங்கள் கை சரியாகத்தான் சொல்கிறது. திருகை விரல் தேடிக் கண்டுபிடிக்கும். கண்ணாடியைக் கண்தான் தேட வேண்டும். ஓட்டும்போது கண்ணுக்கு வேறு வேலை இருக்கிறது.

2017 ஆகஸ்ட் 21இல் சிங்கப்பூர் அருகே அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற போர்க்கப்பல் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதியது. 10 மாலுமிகள் இறந்தார்கள். அந்தக் கப்பலின் திசையும் வேகமும் தொடுதிரையில் இயங்கின. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கட்டுப்பாட்டை மாற்றியபோது குழப்பம். இரண்டு உந்திகளின் வேகமும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்ததை யாரும் கவனிக்கவில்லை. கையில் பிடிக்கும் நெம்புகோலாக இருந்தால் ஒன்று முன்னே, ஒன்று பின்னே இருப்பது தொட்டதுமே தெரிந்திருக்கும். 2019இல் கடற்படை பழையபடி நெம்புகோலுக்கே திரும்ப முடிவெடுத்தது. ஐரோப்பாவின் வாகனப் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பும் 2026 முதல் ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் போன்றவற்றுக்குத் தனிப் பட்டனோ நெம்புகோலோ இல்லாத கார்களுக்கு முழு மதிப்பெண் தராது.

*செவிலியர், தஞ்சாவூர்*
கேள்வி: மருத்துவ இயந்திரங்களில் "எரர் 27" என்று மட்டும் வருகிறது. 27 என்றால் என்ன என்று எங்கே போய்ப் பார்ப்பது?

பதில்: 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிக அதிகமான கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் உயிரிழந்தார்கள். மூலக் காரணம் மென்பொருள் பிழை. ஆனால் திரையில் வந்தது "மால்ஃபங்ஷன் 54", அவ்வளவுதான். கையேட்டிலும் அதற்குச் சரியான விளக்கம் இல்லை. அடிக்கடி ஏதாவது எண் வந்துபோய்ப் பழகிவிட்டதால், 'பி' என்ற விசையைத் தட்டித் தொடர்ந்தார்கள் ஊழியர்கள். தொடர்வது அத்தனை சுலபமாக இருந்தது. என்ன ஆபத்து என்று தெரிந்துகொள்வது அத்தனை கடினமாக இருந்தது.

பிழைச் செய்தி என்ன நடந்தது, நோயாளிக்கு என்ன ஆகியிருக்கலாம், இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை உங்கள் மொழியில் சொல்ல வேண்டும். உங்கள் மருத்துவமனையில் அடுத்த இயந்திரம் வாங்கும் குழுவில் செவிலியர் ஒருவர் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அதைத் தொடப்போகிறவர் நீங்கள்தான்.

*எழுத்தாளர், பாளையங்கோட்டை*
கேள்வி: செயலிகளைத் தமிழுக்கு மாற்றினால் பட்டனில் பாதி எழுத்து வெட்டுப்படுகிறது. தமிழ் கணினிக்கு ஏற்ற மொழி இல்லையா?

பதில்: தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. 'ஓகே' அளவுக்குக் கட்டிய பெட்டியில் 'உறுதிப்படுத்துக' எப்படி நுழையும்? பெட்டிதான் வளர வேண்டும். நம் எழுத்துகளுக்கு மேலே வளைவும் கீழே சுழியும் இருப்பதால் வரிகளுக்கிடையே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் வேண்டும். அதைத் தராத திரையில் 'மூ'வின் வால் அடுத்த வரியில் இடிக்கும்.

இன்னும் இரண்டு சங்கதி. 'கிருஷ்ணமூர்த்தி' என்பதில் நமக்கு 8 எழுத்து. கணினியின் கணக்கில் 15 குறியீடு. "10 எழுத்துக்குள் பெயரை எழுதுக" என்று கணினிக் கணக்கில் கேட்கும் படிவம் அவரைத் துரத்திவிடும். அடுத்து, "குடும்பப் பெயர் கட்டாயம், குறைந்தது இரண்டு எழுத்து" என்று அடம்பிடிக்கும் படிவங்கள். நம்மிடம் இருப்பது ஓர் இனிஷியல். அப்பா பெயரை அங்கே போட்டால் பாஸ்போர்ட்டில் ஒன்று, வங்கியில் ஒன்று, விமான டிக்கெட்டில் ஒன்று என்று மூன்று மனிதராகிவிடுகிறோம். யாழ்ப்பாணத்திலும் ஈப்போவிலும் இதே அவதி. "முழுப் பெயர்" என்று ஒரே பெட்டி வைத்தால் தீர்ந்தது.

தமிழ்ப் பக்கம் எழுதும் டெவலப்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிடுங்கள். அந்தச் சின்னக் குறிப்பு இல்லாவிட்டால் ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலில் திணறும், அல்லது மௌனமாகிவிடும். நம்மவர்கள் நன்றாகச் செய்ததும் உண்டு. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. 'க'வை இரண்டு தடவை தட்டினால் புள்ளியைத் தானே வைத்து 'க்க' ஆக்கிவிடும். மொழியின் நடையைக் கவனித்தவர்களின் வேலை அது.

*பத்திரிகை வடிவமைப்பாளர், புதுச்சேரி*
கேள்வி: வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து. அழகாக இருக்கிறது அல்லவா?

பதில்: மதியம் ஒரு மணிக்கு, பஸ் ஸ்டாண்டில், வெயிலில் நின்று படித்துப் பாருங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது தரம். பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டவும் வேண்டாம்; சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிறவர்கள் உங்கள் வாசகர்களிலும் இருக்கிறார்கள்.

*ஐ.டி. ஊழியர், மறைமலை நகர்*
கேள்வி: சந்தாவில் சேர ஒரு தட்டு. விலக ஒன்பது திரை. இது வடிவமைப்புத் தோல்வியா?

பதில்: அது தோல்வி அல்ல, திட்டம். மனிதரை அறிந்த அறிவையே மனிதருக்கு எதிராகத் திருப்புவது. இதற்கு 2010இல் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார் ஹேரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் இவற்றில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது: சந்தாப் பொறி, கேட்காமல் கூடையில் பொருள் சேர்ப்பது, "இன்னும் இரண்டே இருக்கிறது" என்ற பொய் அவசரம், கடைசித் திரைவரை விலையை மறைப்பது இப்படி. திரையைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு 1915 என்ற எண்ணில் புகார் கொடுங்கள். அந்தத் திரைகளை வரைகிறவர் உங்கள் அலுவலகத்திலேயே இருந்தால், "இதை நான் செய்ய மாட்டேன்" என்று அவர் சொல்லும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

*சுயதொழில் செய்பவர், சேலம்*
கேள்வி: நான்கு பேர் சேர்ந்து சின்னதாக ஒரு செயலி செய்கிறோம். ஆய்வுக்கூடம் வைக்கப் பணம் இல்லை. எப்படிச் சோதிப்பது?

பதில்: ஐந்து பேர் போதும். அதற்கே பெரும்பாலான முட்டுக்கட்டைகள் தெரிந்துவிடும் என்று நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் கணித்தார்கள். ஐந்து பேரும் உங்களைப்போன்ற ஐ.டி.க்காரர்களாக இருக்கக் கூடாது. ஒரு முதியவர், ஸ்கிரீன் ரீடரில் பழகிய ஒருவர், தமிழ் மட்டும் படிக்கிற ஒருவர், பழைய மலிவு போன் வைத்திருக்கும் ஒருவர், இப்படித் தேடுங்கள். பள்ளி, நூலகம், பார்வையற்றோர் சங்கம் என்று போய்க் கேட்டால் வருவார்கள்.

ஒரு வேலையைக் கொடுங்கள்: "இந்த மாத வாடகையை அனுப்புங்கள்." பிறகு நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் மிகக் கடினம். அவர் தடுமாறும்போது "அதோ, மேலே இருக்கிறதே" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் சோதனை போயிற்று. செயலியைத் திறக்கும் ஒவ்வொருவர் பின்னாலும் நின்று நீங்கள் சொல்லப்போவதில்லை. எங்கே நின்றார், எதைத் தேடினார், எதைத் தவறாகத் தொட்டார் என்று எழுதிக்கொள்ளுங்கள். "பிடித்திருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு "நன்றாக இருக்கிறது தம்பி" என்றுதான் சொல்வார்.

அதற்கு முன்பே நீங்களே செய்யக்கூடியது: மௌஸை ஓரமாக வைத்துவிட்டு விசைப்பலகையால் மட்டும் உங்கள் தளத்தைச் சுற்றி வாருங்கள். டாக்பேக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, உங்கள் செயலியில் ஒரு பொருள் வாங்குங்கள். அன்று மாலையே திருத்த வேண்டியவற்றின் பட்டியல் நீளமாகக் கையில் இருக்கும்.

வந்து சோதித்துக் கொடுத்த ஐந்து பேருக்கும் அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளிடம் "சேவையாக" இதை எதிர்பார்க்கும் வழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. அவர்கள் தருவது நிபுணத்துவம். பயணச் செலவும் தனி.